வெல்ஹேர்ஸ்டில் முதற் காலடி

இலண்டனின் தென்கோடியில் வெல்ஹேர்ஸ்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பஸ்கள் அதைத் தாண்டிப் போவதில்லை. அங்கே வந்து ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பிவிடும். ஒரு கடைத்தெரு, ஒரு நூலகம், ஒரு ரயில் நிலையம், ஏறக்குறைய நானூறு தமிழ்க் குடும்பங்கள். இந்த நானூறு குடும்பங்களுக்கும் ஒழுங்கான ஒரு கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் டூட்டிங் வரை போய் வந்தார்கள். ஆனால் வரலாறு இருந்தது. அதைக் கவனித்துக்கொள்ள ஒரு சபையும் இருந்தது. 'வெல்ஹேர்ஸ்ட் தமிழ் முன்னோடிகள் வரலாற்றுப் பேரவை' என்பது அதன் பெயர்.

பேரவைக்கு வேலை ஒன்றுதான். இந்த ஊருக்கு முதன்முதலில் வந்து குடியேறிய தமிழர் யார் என்று ஆராய்வது. ஆறு வருட ஆராய்ச்சிக்குப் பிறகு அவர் கண்டுபிடிக்கப்பட்டார். அவர் பேரவைத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா. கண்டுபிடித்தவரும் அவரே என்பதால் முடிவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆண்டு 1981 என்று தீர்மானம் நிறைவேறியது.

தவநாயகிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் தவறி ஆறு வருடம். மகள் மில்டன் கீன்சில். தவநாயகி கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். லிப்ட் இல்லை. ஐம்பத்திரண்டு படிகள். முழங்கால் இரண்டும் போன மாரிக் குளிரோடு வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தன. அவர் கடைக்குப் போய்த் திரும்பினால் இரண்டாம் மாடியில் ஒருதரம் இருந்துதான் ஏறவேண்டும். அதற்கென்றே அங்கே குடியிருந்த ஹம்சா வாசலில் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தாள். ஹம்சா திருச்சிக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்து ஒன்றரை வருடம். கணவனும் மகளும் இன்னும் ஊரில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் ஹம்சா செய்தியைச் சொன்னாள்.

"அம்மா, நூலகத்துக்குப் பின்னாடி புதுசா ஆறு வீடு கட்டியிருக்காங்கல்ல? வயசானவங்களுக்காம். எல்லாம் தரைத்தளம். மளிகைக் கடையில நோட்டீஸ் ஒட்டியிருக்கு."

"படி இல்லையோ?"

"ஒரு படிகூட இல்லம்மா."

தவநாயகிக்கு சொர்க்கத்தைப் பற்றி இதைவிட நல்ல விவரணை யாரும் சொன்னதில்லை. அடுத்த நாளே போய் நோட்டீஸைப் பார்த்தார். 'முன்னோடிகள் இல்லம். பேரவையின் முன்னோடிச் சான்றிதழ் பெற்றவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் பேரவை ஊடாகவே ஏற்கப்படும்.' கீழே தலைவரின் படம். நோட்டீஸில் வீடுகளின் படத்தைவிட அது பெரிதாக இருந்தது.

பேரவையின் அலுவலகம் நூலகத்தின் பின்னறை. சனிக்கிழமை பத்து மணிக்குத் தவநாயகி அங்கே போனபோது செயலாளர் ஆனந்தராஜா மேசைக்குப் பின்னால் இருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். நெஞ்சில் குத்தியிருந்த ஒரு பொன்னிற வில்லை. அதில் '3' என்று எழுதியிருந்தது.

"இது என்ன தம்பி, மூண்டு?"

"பொன் முன்னோடி, இலக்கம் மூண்டு. தலைவர் ஒண்டு, தலைவரின்ரை அண்ணை ரண்டு, நான் மூண்டு." அவர் ஒரு அட்டவணையை எடுத்து விரித்தார். "எண்பத்து மூண்டுக்கு முந்தி வந்தவை பொன். தொண்ணூறு வரைக்கும் வெள்ளி. ரண்டாயிரம் வரைக்கும் வெண்கலம். அதுக்குப் பிறகு வந்தவை பின்னோடியள். நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

"எண்பத்து நாலு. கார்த்திகை."

"அப்ப வெள்ளி."

"பொன் எத்தினை பேர்?"

"பதினேழு."

தவநாயகி யோசித்தார். அவர் வந்த வருடத்தில் இந்த ஊரில் தமிழ் கதைக்க ஒரு சீவன் இருக்கவில்லை. வேலை செய்த லோன்ட்ரெட்டில், அதாவது காசு போட்டு உடுப்புத் துவைக்கும் கடையில், ஏழாம் நம்பர் மெசினோடு ஐந்தாறு மாதம் தமிழில் கதைத்திருக்கிறார். அது மட்டும்தான் ஆறுதலாகத் தலையாட்டும்.

"பதினேழு பேரோ? நான் ஒருத்தரையும் காணேல்லையே தம்பி."

"ஊர் பெரிசு அக்கா."

"அப்ப ஒரு தெருதானே இருந்தது."

ஆனந்தராஜா ஒரு படிவத்தை நீட்டினார். பன்னிரண்டு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: விண்ணப்பதாரர் வந்து சேர்ந்த தினத்தில் வெல்ஹேர்ஸ்டில் வசித்த இரண்டு தமிழர்கள் சாட்சிக் கையொப்பம் இடவேண்டும்.

"நான் வரேக்கை இஞ்சை தமிழர் ஒருத்தரும் இல்லை."

"அப்ப சாட்சி இல்லை."

"ஒருத்தரும் இல்லாதபடியால்தானே நான் முதல் வந்த ஆள்?"

"அதை நிரூபிக்கத்தான் சாட்சி கேக்கிறம்," என்றார் ஆனந்தராஜா, மிகவும் பொறுமையாக.

தவநாயகி படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஐம்பத்திரண்டு படியிலும் அதைப் பற்றி யோசித்தார். மேலே வந்து சேர்ந்தபோது படிகள்தான் விளங்கின, நிபந்தனை விளங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். நீண்ட மேசை, நடுவில் தலைவர். தலைவர் உயரமானவர், வெள்ளைத் தலைமயிரைப் பின்னால் வாரி விட்டிருந்தார். சாதாரணமாகவே மேடையில் நிற்பதுபோல்தான் இருப்பார். தவநாயகி, "வணக்கம் தம்பி," என்றார். ஆனந்தராஜா குனிந்து, "சபைக்குள்ளை தலைவர் எண்டு சொல்லவேணும்," என்று காதுக்குள் சொன்னார்.

தலைவர் எழுந்தார். ஒரே ஒரு ஆளுக்கான நேர்முகம் என்பதெல்லாம் அவரைத் தடுக்கவில்லை.

"அன்னையே! நான் என்னைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லாதவன். ஆகவே இந்த ஊரின் முதற் தமிழ்மகனைப் பற்றிப் பேசுகிறேன். அவர் வந்தபோது இங்கே பாதை இல்லை. அவர் நடந்தார், பாதை ஆயிற்று. இங்கே ஒளி இல்லை. அவர் நின்றார், விளக்குக் கம்பம் ஆயிற்று. மொழியையும் பண்பாட்டையும் இரு தோள்களில் சுமந்துகொண்டு வந்தார். அந்த மனிதரின் பெயரைச் சொல்ல என் தன்னடக்கம் இடம் தரவில்லை. துண்டுப்பிரசுரத்தில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். தவநாயகியும் மரியாதைக்குத் தட்டினார்.

பிறகு கேள்வி. "இந்த மண்ணைத் தேர்ந்தெடுத்தபோது உங்கள் உள்ளத்தில் இருந்த இலட்சியம் யாது?"

"நித்திரை," என்றார் தவநாயகி.

மேசையில் இருந்தவர்கள் பேனாக்களை நிறுத்தினார்கள்.

"டூட்டிங்கிலை ஒன்றுவிட்ட அக்கா வீட்டிலை இருந்தனான். விடிய நாலு மணிக்கு ஒபிஸ் துடைக்கிற வேலை. அண்டைக்குக் குரொய்டனிலை ஒரு அறை பாக்கவெண்டு வெளிக்கிட்டு, பஸ்ஸிலை நித்திரை கொண்டிட்டன். கடைசித் தரிப்பிலை டிரைவர் தட்டி எழுப்பினார். பாத்தால் இந்த ஊர். முன்னுக்கு லோன்ட்ரெட். கண்ணாடியிலை வேலைக்கு ஆள் தேவை, மேலை அறை இருக்கு எண்டு எழுதிக் கிடந்தது. திரும்பிப் போற பஸ்ஸுக்கு நாப்பது நிமிசம் நிக்கவேணும். தூறல் வேறை. உள்ளுக்குப் போயிட்டன்."

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். ஒரு முன்னோடி தூறலுக்கு ஒதுங்கியதாக வரலாற்றில் எழுதுவது எப்படி?

ஆனந்தராஜாதான் நிலைமையைக் காப்பாற்றினார். "நித்திரை எண்டு எழுத ஏலாது அக்கா. 'கனவு' எண்டு போடுறன்." குறிப்பேட்டில் அவர் எழுதியது இது: 'ஒரு கனவே இவரை இவ்வூருக்கு அழைத்து வந்தது.'

நேர்முகத்தில் அரைவாசி மதிப்பெண் பெற்றவர்கள் முன்னோடிகளுக்கான பயிற்சிப் பட்டறைக்குப் போகவேண்டும் என்பது விதி. அது மூன்று சனிக்கிழமை நடந்தது. முன்னோடிகள் எப்படி நடந்தார்கள், எப்படிக் குளிரில் நடுங்கினார்கள், பெட்டியை எந்தக் கையில் பிடித்தார்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தவநாயகி 1984இல் வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அது அந்தக் காலத்துச் சட்டைபோல இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பட்டறையில் இருந்தபோது அவருக்கு இன்னொன்றும் தெரியவந்தது. பேரவையின் விருந்துகளில் வந்த ஆண்டு வரிசைப்படிதான் சாப்பாடு. பொன்னுக்கு முதற்பந்தி, ஆட்டிறைச்சி இருக்கும். பின்னோடிகள் வரும்போது சாம்பார்தான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் பலர் தாங்கள் இன்னும் இரண்டொரு வருடம் முந்தி வந்ததை நினைவுகூர்ந்தார்கள். ஒருவர் எண்பத்திரண்டு வரைக்கும் போய்விட்டார். அவர் பிறந்ததே எண்பத்து நாலில் என்று தெரியவந்தபோது பேரவை நீண்ட நேரம் விவாதித்து, 'பிறப்பு தாமதமானாலும் எண்ணம் முந்தியது' என்று ஏற்றுக்கொண்டது.

ஹம்சாவும் ஒருநாள் உறுப்புரிமை கேட்டுப் போனாள். அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். திரும்பி வந்து அதைத் தவநாயகியிடம் காட்டினாள். 'எதிர்கால முன்னோடி. 2063ஆம் ஆண்டு விண்ணப்பிக்கவும்.'

"அப்ப எனக்கு எழுபத்தஞ்சு வயசாயிருக்கும்மா," என்றாள். "உங்க ஃபார்ம் என்னாச்சு?"

"சாட்சிக்கு ஆளில்லை பிள்ளை. எனக்கு முந்தி வந்த ஆள் வேணுமாம்."

"அதான் அந்தத் தலைவரு எண்பத்தொண்ணுலயே வந்துட்டாராமே? அவரையே போடச் சொல்லுங்க."

தவநாயகி கதிரையில் இருந்தபடி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. ஹம்சா பயந்து தண்ணீர் எடுத்துவந்தாள்.

"என்னம்மா?"

"அந்தாள் வந்த நாள் எனக்குத் தெரியும் பிள்ளை. ரண்டாயிரத்து ஒண்டு, ஆடி மாசம். வீடு வாங்கின அண்டைக்குத் திரைச்சீலை தோய்க்க எங்கடை லோன்ட்ரெட்டுக்கு வந்தவர். நாலு சோடி, ஊதா நிறம். என்னைப் பாத்திட்டுக் கேட்டவர், 'அக்கா, இந்த ஊரிலை வேறை தமிழ் ஆக்களும் இருக்கினமோ?' எண்டு."

"அப்போ பொய்யா கையெழுத்துப் போடுவாரா?"

"போடாட்டில் எண்பத்தொண்டிலை இஞ்சை இல்லையெண்டு ஆகிடுமே."

அவர் கணக்குச் சரியாகவே இருந்தது. அடுத்த கூட்டத்தில் படிவத்தை நீட்டியதும் தலைவர் முகம் மலர்ந்தது. தன்னைச் சாட்சியாகக் கேட்ட முதல் ஆள் தவநாயகி. இதைவிடப் பெரிய ஆதாரம் வேறென்ன வேண்டும்? பேனாவைத் திறந்து, தாமே வாசித்துக்கொண்டு எழுதினார்:

"பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெல்ஹேர்ஸ்ட் ரயில் மேடையில், கையில் தேநீர்ப் போத்தலுடன் நான் காத்து நின்றேன். ரயிலிலிருந்து ஓர் இளம்பெண் இறங்கினாள். 'தங்கையே, வருக!' என்றேன்."

"தம்பி… தலைவர், நான் பஸ்ஸிலை வந்தனான்."

"அக்காவுக்கு வயதாகிறது," என்று தலைவர் சபையைப் பார்த்துக் கனிவோடு சொன்னார். "நினைவுகள் மங்குவது இயல்பே. அதற்காகத்தான் பேரவை இருக்கிறது."

இரண்டாம் சாட்சியாகத் தலைவரின் அண்ணை கையொப்பம் வைத்தார். இனி விண்ணப்பதாரர் ஒப்பம் மட்டும்தான். ஆனந்தராஜா விரலால் இடத்தைக் காட்டினார். "இதிலை வையுங்கோ அக்கா. வீடு உங்களுக்குத்தான்."

தவநாயகி பேனாவைக் கையில் எடுத்தார். முழங்கால் இரண்டும் வைத்துவிடு என்றன. தரைத்தளம், வாசலைத் திறந்தால் நூலகம், குளியலறையில் பிடிக்கக் கம்பி. எல்லாம் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்தன. அவர் பொய்யே சொல்லாத பெண் அல்ல. லோன்ட்ரெட் முதலாளி மிசிஸ் டோரினிடம், இந்த மெசின்கள் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று சொல்லித்தான் வேலை எடுத்தார். அதுவரை கிணற்றடிக் கல்லைத் தவிர வேறெதிலும் துவைத்ததில்லை. ஆனால் இந்தப் பொய்க்கு மனம் இடம் கொடுக்கவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன அக்கா?"

"அண்டைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லை தம்பி. வந்திருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும். வரேல்லை. அதை வந்ததெண்டு நான் எழுதித் தரமாட்டன்."

அவருடைய கோப்பில் 'முரண்பாடுள்ள முன்னோடி' என்று எழுதி ஒதுக்கி வைத்தார்கள்.

ஆனால் தலைவர் சாட்சிக் கையொப்பம் வைக்கிறார் என்ற செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வரிசை நூலகத்துக்கு வெளியே நின்றது. இருபத்திமூன்று பேர் விண்ணப்பித்தார்கள். இருபத்திமூன்று பேரையும் தலைவர் ரயில் மேடையில் வரவேற்றிருந்தார். எல்லா நாளும் பனி பெய்தது. ஒருவர் வந்த ஆடி மாதத்திலும் பெய்தது. படிவங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், எண்பத்தொன்று முதல் தொண்ணூறு வரை ஒன்பது வருடம் தலைவர் அந்த மேடையை விட்டு இறங்கியதாகத் தெரியவில்லை.

பேரவை நெகிழ்ந்து போனது. இப்பேர்ப்பட்ட மேடைக்கு ஒரு நினைவுக்கல் இல்லாமல் எப்படி? ரயில் நிலையத்தாரிடம் அனுமதி கேட்டார்கள். சுவரில் ஓரிடம் தருகிறோம், ஆணி அடிக்கக் கூடிய இடம் அது ஒன்றுதான் என்று பதில் வந்தது.

வைகாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மேடை நிறையச் சனம். அந்தப் பகுதி நகரசபையின் மேயர் அம்மையார் கழுத்துச் சங்கிலியோடு வந்திருந்தார். வீடுகளைக் கட்டிய வீட்டுச் சங்கத்தின் அதிகாரியாகப் பிரசாந்தினி என்ற பெண் கோப்புகளோடு வந்திருந்தாள், இலண்டனில் பிறந்தவள். பொன் முன்னோடிகள் முன்வரிசை. தவநாயகி ஹம்சாவோடு பின்னால் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். வந்திருக்கவே தேவையில்லை, ஆனால் ஐம்பத்திரண்டு படி ஏறி இறங்கத் தகுந்த ஒரு பொழுதுபோக்கு அவருக்குக் கிடைப்பது அரிது.

சுவரில் பெரிய சிவப்புப் பட்டுத் திரை. தலைவர் கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது.

பளபளக்கும் கருங்கல்லில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: '1981ஆம் ஆண்டு இந்த ரயில் மேடையில் முதற் தமிழ்க் காலடி பதிந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா.'

அதற்குச் சரியாக ஆறு அங்குலம் மேலே ஒரு பழைய பித்தளைத் தகடு இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. நானூறு குடும்பங்களும் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனார்கள். 'இந்த ரயில் நிலையம் 12 மே 1992 அன்று திறந்து வைக்கப்பட்டது.'

மேயர் அம்மையார் கண்ணாடியைப் போட்டார். கல்லை வாசித்தார். தகட்டை வாசித்தார். திரும்பவும் கல்லை வாசித்தார். பிறகு ஆங்கிலத்தில், மிக நாகரிகமாக, "இது மிகவும் சுவாரசியமாக இருக்கிறது," என்றார்.

பொன் முன்னோடிகள் பதினேழு பேரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். ஆனந்தராஜாவின் கை தன் நெஞ்சில் இருந்த வில்லையை மூடிக்கொண்டது. ஹம்சா தவநாயகியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சிரிக்காதீங்க, ப்ளீஸ்," என்றாள். அவளே வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள்.

தலைவர் தகட்டை நிமிர்ந்து பார்த்தார். மூன்று விநாடி. பிறகு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"அன்பர்களே! சிலர் ரயில் நிலையம் வந்த பிறகு இறங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அது எல்லோராலும் முடியும். ஆனால் நிலையம் இல்லாத இடத்தில், தண்டவாளம் இல்லாத இடத்தில், ரயிலே வராத காலத்தில் இறங்கினோமே, நாங்கள்! அதற்குப் பெயர்தான் முன்னோடி! எங்கள் காலடி இங்கே விழுந்தது. பதினொரு வருடம் கழித்து, அதைத் தேடிக்கொண்டு ரயில் வந்தது!"

ஒரு கணம் தயங்கிய கூட்டம் பிறகு கைதட்டியது. பொன் வரிசை எழுந்து நின்று தட்டியது. மேயருக்குத் தமிழ் விளங்கவில்லை, அவரும் தட்டினார். பிறக்க முந்தியே வந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கைதட்டலுக்குள் பிரசாந்தினி வாங்குக்கு வந்து தவநாயகியின் பக்கத்தில் இருந்தாள்.

"ஆன்ரி, நீங்கள் அந்த லோன்ட்ரெட் ஆன்ரி தானே? சின்னனிலை அம்மாவோடை வாறனான். நீங்கள் ஏன் வீட்டுக்கு அப்ளை பண்ணேல்லை?"

"எனக்குச் சேர்டிபிகேட் தரேல்லை பிள்ளை. நான் ரயிலிலை வரேல்லையெண்டு."

"என்ன சேர்டிபிகேட்?"

தவநாயகி சொன்னார். சாட்சிகள், கனவு, பட்டறை, தேநீர்ப் போத்தல், எல்லாம். பிரசாந்தினியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"ஆன்ரி, எங்களுக்கு அப்பிடி ஒண்டும் தேவையில்லை. முப்பது வருசம் இந்த ஊரிலை இருந்திருக்கவேணும், படி ஏற ஏலாமல் இருக்கவேணும். தமிழரா இருக்கவேணும் எண்டுகூட இல்லை. நோட்டீஸை ஒட்டிவிடுங்கோ எண்டுதான் இவையிட்டைக் குடுத்தனாங்கள். பழைய கடிதம் ஏதும் இருக்கோ, விலாசத்தோடை?"

இருந்தது. எண்பத்து நாலு மார்கழியில் டொக்டரின் கிளினிக் அனுப்பிய பதிவு அட்டை, லோன்ட்ரெட்டின் மேல் அறை விலாசத்தோடு. திங்கட்கிழமை தவநாயகி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆடி மாதம் நான்காம் இலக்க வீட்டுக்குக் குடிபோனார். அவருடைய அயலவர்களில் இரண்டு பேர் வெள்ளைக்காரர், ஒருவர் ஜமேக்கா, இரண்டு பேர் தொண்ணூறுகளில் வந்து அதை மறைக்காத தமிழர். ஒன்றாம் இலக்கத்துக்கு விண்ணப்பித்திருந்த தலைவருக்கு, நான்கு படுக்கையறை வீட்டின் உரிமையாளர் தகுதி பெறமாட்டார் என்று கடிதம் போனது.

புரட்டாசியில் ஒருநாள் பின்னேரம் ஆனந்தராஜா வந்து கதவைத் தட்டினார். வில்லையும் கோப்பும் இருந்தன. தவநாயகி அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

"அக்கா, பேரவை புதுசா ஆராய்ஞ்சிருக்கு. ரயிலுக்கு முந்தின காலம் பஸ் காலம் எண்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறம். உங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறம். பொன்." அவர் ஒரு வில்லையை எடுத்து மேசையில் வைத்தார். '18' என்று இருந்தது.

"நான் முதலாவது இல்லையோ?"

"முதலாவது தலைவர். உங்களை பஸ்ஸிலை தட்டி எழுப்பினது அவர்தான் எண்டு போன கூட்டத்திலை தீர்மானம் வந்தது. அந்த நேரம் கொஞ்ச நாள் பஸ் ஓட்டினவராம். வாற மாசம் நிறுவுநர் விழா. நீங்கள் பெட்டியோடை வந்து பஸ்ஸிலை நித்திரை கொள்ளவேணும், தலைவர் டிரைவர் உடுப்போடை வந்து எழுப்புவார். ஒவ்வொரு வருசமும் செய்யலாமெண்டு யோசனை."

தவநாயகி கோபப்படவில்லை. இப்படிப்பட்ட கற்பனைக்கு ஒரு மரியாதை வேண்டியதுதான். அவர் வில்லையை ஆனந்தராஜாவின் பக்கம் தள்ளிவிட்டார்.

"தம்பி, தலைவருக்கு வரவேற்கிறதிலை அவ்வளவு ஆசையெண்டால் ஒண்டு செய்யுங்கோ. நாளைக்குப் பின்னேரம் ரண்டு மணிக்கு ஹம்சாவின்ரை மனுசன் நவநீத், மகளோடை கீத்ரோவிலை வந்து இறங்குது. ஆறு பெட்டி. அந்தப் பிள்ளைக்கு ஷிப்ட், போக ஏலாது. எனக்குக் கார் இல்லை. ஆரும் போய்க் கூட்டிக்கொண்டு வரவேணும்."

"அவை பின்னோடியள்கூட இல்லையே அக்கா."

"ஓம். இன்னும் வந்தே சேரேல்லை."

ஆனந்தராஜா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "கமிட்டியிலை வைக்கிறன். அடுத்த கூட்டம் மூண்டாம் சனிக்கிழமை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பன்னிரண்டரைக்குத் தவநாயகி டாக்சிக்குப் போன் பண்ண வெளிக்கிட்டபோது வாசலில் ஒரு ஹோர்ண் சத்தம் கேட்டது. ஆனந்தராஜா. ஏழு பேர் இருக்கக்கூடிய கார். பின்னிருக்கைகளை மடித்துப் பெட்டிக்கு இடம் பண்ணியிருந்தார். நெஞ்சில் வில்லை இல்லை.

"பேரவைக்குத் தெரியவேண்டாம் அக்கா," என்றார்.

விமான நிலையத்தில் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். ஆனந்தராஜா தாள் ஒன்றில் 'நவநீத், சுப்ரியா' என்று பெரிதாக எழுதி வந்திருந்தார். முதலில் அதை இடுப்பளவில் பிடித்தார். கதவு திறக்கத் திறக்கக் கை உயர்ந்தது. கடைசியில் தலைக்கு மேலே இருந்தது. ஒல்லியான ஒரு மனிதர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து மிரண்டுபோய் நின்றார். வண்டிமேல் ஏழு வயதுப் பெண் குழந்தை. தாளைக் கண்டதும் அந்த மனிதரின் முகம் மாறியது. அந்த மாற்றத்தைப் பார்த்துக்கொண்டு ஆனந்தராஜா அப்படியே நின்றார். தாளைக் கீழே இறக்க மறந்துவிட்டார்.

திரும்பும் வழியில் மோட்டர்வேயில் நெரிசல். நவநீத் களைப்பில் கண்ணயர்ந்துவிட்டார். சுப்ரியா மட்டும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். இங்கே ஏன் வெயில் இல்லை, அம்மா எத்தனை மணிக்கு வருவாள், ஆடுகளுக்குக் குளிராதா என்று. ஆனந்தராஜா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"நீங்க எப்போ இந்த ஊருக்கு வந்தீங்க, அங்கிள்?"

ஆனந்தராஜா வாயைத் திறந்தார். பக்கத்து இருக்கையில் தவநாயகி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. முன்னால் நின்ற லொறி கொஞ்சம் நகர்ந்தது. அவரும் நகர்த்தினார்.

"ரண்டாயிரத்து ஏழு," என்றார். பிறகு, அவ்வளவும் போதாது என்பதுபோல, "செப்டெம்பர் மாசம். பதினாலாம் தேதி. ஒரு வெள்ளிக்கிழமை," என்றார்.